உழைத்து முடித்தவருக்கு ஆயிரம் ரூபாய்

ஓசூர் தொழிற்பேட்டையிலிருந்து டெல்லிக்கு ஒரு கேள்வி

ஆதரவற்ற முதியவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாத உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய். ஓசூர் சிப்காட்டில் ஒரு சிறு பட்டறையில் பத்து வருஷத்துக்குக் குறையாமல் லேத் முன்னால் நின்று, மாதாமாதம் பி.எஃப் பிடித்தம் போகச் சம்பளம் வாங்கி, 58 வயதில் வெளியே வந்த தொழிலாளிக்கு மத்திய அரசின் திட்டம் உறுதி சொல்லும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய். முதலாவது அரசு கொடுக்கும் உதவி. இரண்டாவது அந்த மனிதர் உழைத்துச் சம்பாதித்த உரிமை. உதவியைவிட உரிமை இருநூறு ரூபாய் குறைவாக இருக்கிறது.

இந்த இருநூறு ரூபாய்க்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஓர் அரசாங்கம் தன்னிடம் வேலை பார்த்தவர்களை எப்படி நடத்துகிறது, தன் குடிமக்களின் புகாரை எப்படிக் கேட்கிறது, வயதானவர்களின் கடைசிக் காலத்துக்கு எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறது? இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்க ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

விடியற்காலையிலேயே ஜூஜுவாடியில் கர்நாடக எல்லையைத் தாண்டி இரண்டு பக்கமும் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடும். ஓசூர்க்காரர் பொம்மசந்திரத்துக்கும் ஜிகணிக்கும் போகிறார். அத்திப்பள்ளிக்காரர் ஓசூருக்கு வருகிறார். வீடு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொரு மாநிலத்தில். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கும், பி.எஃப் கணக்கு கர்நாடகத்து அலுவலகம் ஒன்றில் இருக்கும். ஒரே ஆளின் உழைப்பு இரண்டு மூன்று அலுவலகங்களின் கோப்புகளில் துண்டு துண்டாகக் கிடக்கும்.

சிப்காட் நிறுவனம் 1971ல் தொடங்கப்பட்டது. அதன் ஆரம்பகாலத் தொழிற்பேட்டைகளில் ஓசூரும் ஒன்று. 1980ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. அசோக் லேலண்டும் அதே காலத்தில் இங்கே ஆலை அமைத்தது. தமிழக அரசு நிறுவனமான டிட்கோவுடன் கைகோத்து டைட்டன் தன் கடிகார ஆலையை இதே ஊரில் கட்டியது. இவற்றைச் சுற்றி நட்டு, போல்ட், ஸ்பிரிங், காஸ்டிங் என்று உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான வெண்டார் கம்பெனிகள் முளைத்தன. அன்று இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஓசூரின் முதல் தொழிலாளர் தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. பெரிய கம்பெனியில் சங்கம் வைத்து, சம்பள ஒப்பந்தம் போட்டு, கையில் நல்ல கிராஜுவிட்டி வாங்கியவர்கள் ஒருவாறு சமாளிக்கிறார்கள். வெண்டார் கம்பெனியில் உழைத்தவருக்கோ மாதாமாதம் வருகிற அந்தப் பென்ஷன்தான் எல்லாம்.

கணக்கு இப்படித்தான் போகிறது

1995 நவம்பர் 16 அன்று தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தைத் தொழிலாளிகள் ‘இபிஎஸ் 95’ என்றே சொல்கிறார்கள். 1971ல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டத்தின் இடத்தில் இது வந்தது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கும் 12 சதவீதம் அப்படியே வைப்பு நிதிக்குப் போய்விடும். முதலாளி தன் பங்காகப் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் மட்டும் ஓய்வூதியத்துக்குப் போகும். மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் சேர்க்கும்.

ஆனால் இந்தச் சதவீதமெல்லாம் வாங்குகிற முழுச் சம்பளத்துக்கு அல்ல. திட்டம் தொடங்கியபோது 5,000 ரூபாய் வரை, 2001 ஜூன் முதல் 6,500 வரை, 2014 செப்டம்பர் முதல் 15,000 வரை என்று ஓர் உச்சவரம்பு உண்டு. தொழிலாளி 30,000 வாங்கினாலும் பென்ஷன் கணக்கில் அவர் சம்பளம் 15,000தான். அதாவது ஓய்வூதிய நிதிக்கு முதலாளி பங்காக மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய், அரசு பங்காக 174 ரூபாய். 58 வயதில் கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கிறார்கள்.

திட்டம் தொடங்கிய மாதமே வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் விடாமல் முப்பது வருஷம் உழைத்து, 2025 நவம்பரில் ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாயையும் பிந்தைய சேவைக்கு 15,000 ரூபாயையும் வைத்துக் கணக்கிடுவார்கள். இருபது ஆண்டு தாண்டியதற்காகச் சேர்க்கும் இரண்டு ஆண்டையும் கூட்டினாலும் தொகை 4,500 ரூபாயை ஒட்டித்தான் வரும். 2014க்கு முன் 4,000 ரூபாய் சம்பளத்தில் பன்னிரண்டு வருஷம் உழைத்து வெளியேறியவருக்குக் கணக்குப்படி 685 ரூபாய்தான் வந்தது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். குறைகிற தொகையை மத்திய பட்ஜெட்டிலிருந்து போடுகிறார்கள்.

அந்த ஆயிரம் பத்தாண்டுக்கும் மேலாக ஆயிரமாகவே நிற்கிறது. இதற்கு அகவிலைப்படி கிடையாது. அரிசி விலையும் மாத்திரை விலையும் ஏற ஏற இந்தத் தொகை உள்ளுக்குள் கரைந்துகொண்டே போகிறது. பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 3,000 ஆக்க வேண்டும், விலைவாசியோடு இணைக்க வேண்டும் என்று 2013லேயே பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்டு ஓய்வூதியர் அமைப்புகள் இன்றும் போராடுகின்றன.

2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவரின் அடிப்படைச் சம்பளம் 15,000க்கு மேல் என்றால் அவருக்கு இந்த ஓய்வூதியமே கிடையாது என்பதையும் பலர் அறிந்திருக்கவில்லை. வரம்பை உயர்த்தாமல் வைத்திருப்பதால், ஓரளவு நல்ல சம்பளத்தில் சேரும் இளைஞர்களை அந்த விதி வெளியே தள்ளுகிறது.

இந்தத் திட்டத்தை நடத்தும் வைப்பு நிதி அமைப்பின் ஊழியர்களுக்கு இந்த ஓய்வூதியம் அல்ல. அவர்களுக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ளது போன்ற ஓய்வூதிய ஏற்பாடு உண்டு. ஊழியர் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஒரு திட்டத்தின் வலி அதை வகுப்பவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும் எட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு கூரைக்கு உள்ளே, வெளியே

டெல்லியில் ஓர் அமைச்சகம் இருக்கிறது. பணியாளர், பொதுமக்கள் குறைகள், ஓய்வூதியங்கள் அமைச்சகம் என்று பெயர். ராஜீவ் காந்தி காலத்தில், 1985ல், இன்றைய வடிவத்தைப் பெற்றது. பிரதமரே இதற்குப் பொறுப்பு. ஐ.ஏ.எஸ் அதிகாரிகளின் பணி விவகாரங்களைப் பார்க்கும் துறை ஒன்று, மக்களின் புகார்களைக் கண்காணிக்கும் துறை ஒன்று, ஓய்வூதியத் துறை ஒன்று என மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

இந்தக் கூரையின் கீழே இருப்பவர்களை அரசு எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் ஓய்வு பெறும் முன்பே அவர் கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று கண்காணிக்க ‘பவிஷ்யா’ என்ற கணினி முறை இருக்கிறது. சிக்கலான வழக்குகளைத் துறை, கருவூலம், வங்கி எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து அன்றே முடிக்க 2017 முதல் பென்ஷன் அதாலத் நடக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2016 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 9,000 ரூபாய். அதன்மேல் ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலை நிவாரணம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருஷச் சேவைக்கே குறைந்தது 10,000 ரூபாய் உறுதி. 25 வருஷம் முடித்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. அந்தத் திட்டத்துக்கு வழி வகுத்த குழுவின் தலைவர், தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ் அதிகாரியான டி.வி. சோமநாதன்.

பத்து வருஷத்துக்குப் பத்தாயிரம் ஒரு பக்கம், பத்து வருஷத்துக்கு ஆயிரம் இன்னொரு பக்கம். மத்திய ஊழியர் தன் சம்பளத்தில் பத்து சதவீதம் கொடுக்கிறார், அரசு அதைவிட அதிகம் போடுகிறது. ஆலைத் தொழிலாளி கணக்கில் 1,250 ரூபாய்தானே சேர்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 1,250 என்ற வரம்பைப் போட்டது தொழிலாளி இல்லை. உயர்த்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. கூடுதலாகச் செலுத்த வாய்ப்புக் கொடுத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்க உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4 தீர்ப்பில் வழி திறந்தது. உடனே 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. தங்கள் கைப்பணத்தைத் திருப்பிக் கட்டியாவது கௌரவமான ஓய்வூதியம் வாங்க இத்தனை பேர் தயாராக இருந்தார்கள்.

ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் சன்மானம் அல்ல, உழைத்ததற்கான உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தீர்ப்பு அரசு ஊழியர்கள் சம்பந்தப்பட்டது. ஆனால் முதுமையில் மானத்தோடு வாழ உழைப்பவருக்கு வழி வேண்டும் என்ற அதன் அடிப்படை, லேத் முன் நின்றவருக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

ஓய்வூதியத் துறை என்று பெயர் இருந்தாலும் அந்த மூன்றாவது துறைக்கும் ஓசூர்த் தொழிலாளிக்கும் சம்பந்தமில்லை. அவர் பென்ஷன் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

மனு போகும் பாதை

திங்கள்கிழமை காலை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, தண்ணீர்க் குழாய் என்று மனுக்கள் வரும். பி.எஃப் மனுவும் வரும். கலெக்டர் அதை வாங்கி, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பலாம். அதற்குமேல் அவர் கையில் அதிகாரம் இல்லை. வைப்பு நிதி அமைப்பு மாநில அரசுக்குக் கட்டுப்பட்டதல்ல. மனு கொடுத்தவருக்கோ கலெக்டரும் கவர்மென்ட்தான், பி.எஃப் ஆபீசும் கவர்மென்ட்தான். அவரை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

சரியான இடம் ஆன்லைனில் இருக்கிறது. வைப்பு நிதி அமைப்புக்குத் தனிப் புகார்த் தளம் உண்டு. அதற்கு மேலே 2007ல் தொடங்கிய மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளம், சிபிகிராம்ஸ் இருக்கிறது. புகாரை முடிக்க முன்பு 60 நாள் கெடு. அது 45 ஆகி, 30 ஆகி, 2024 ஆகஸ்டில் 21 நாளாகக் குறைந்தது. இது நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் முடிப்பது வேறு, தீர்ப்பது வேறு. ‘பெயர் பொருந்தவில்லை, நிறுவனத்தின் மூலம் கூட்டு உறுதிமொழி கொடுக்கவும்’ என்று ஒரு வரி பதில் போட்டாலும் அந்தப் புகார் கணக்கில் முடிந்த புகார்தான். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்பார்.

பெயர் விவகாரத்தை வெளியூர்க்காரர்கள் சின்னதாக நினைக்கலாம். ஓசூரில் அது சின்னதல்ல. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் மண் இது. பள்ளிச் சான்றிதழில் வெங்கடேசன், ஆதாரில் வெங்கடேஷப்பா, கம்பெனி ரிஜிஸ்டரில் வெங்கடேஷ் என்று ஒரே ஆள் இருப்பார். தமிழர்களுக்கு இனிஷியல் வேறு பாடுபடுத்துகிறது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, விரித்து எழுதுவதா என்பதை டெல்லியில் எழுதிய மென்பொருள் அறியாது. ஒரு புள்ளி, ஓர் இடைவெளி மாறினால் கிளைம் திரும்பி வந்துவிடும். பிறந்த தேதி ஒரு வருஷம் மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

திருத்த வேண்டுமானால் கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும் என்பது நெடுநாள் விதி. பூட்டிய கம்பெனிக்கு யார் கையெழுத்துப் போடுவது? 2025 ஜனவரியில் இதை ஓரளவு தளர்த்தினார்கள். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு ஆதார் இணைத்து வாங்கிய யு.ஏ.என் என்ற பொதுக் கணக்கு எண் உள்ளவர்கள் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைத் தாங்களே திருத்திக்கொள்ளலாம். ஆனால் இப்போது பென்ஷன் வாசலில் நிற்பவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்கள். யாருக்குச் சலுகை அதிகம் தேவையோ அவர்களுக்கு அது எட்டவில்லை.

காண்ட்ராக்ட் தொழிலாளியின் கதை இன்னும் மோசம். ஒரே கேட், ஒரே மெஷின், ஒரே வேலை. ஆனால் காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் ஒரு புதுக் கணக்கு. யு.ஏ.என் என்ற ஒரே எண் 2014ல் வருவதற்கு முன் இப்படித் திறந்த கணக்குகளை ஒன்றோடொன்று சேர்த்தால்தான் பத்து வருஷச் சேவை தேறும். சேர்க்காவிட்டால் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கிடக்கும்; ஒன்பதரை வருஷத்தைப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள், அதற்கும் கீழே போனால் பென்ஷனே இல்லை. எல்லையின் இரண்டு பக்கமும் மாறி மாறி உழைத்தவருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

ஒவ்வோர் ஆண்டும் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். 2014 நவம்பரில் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ டிஜிட்டல் முறையில் விரல் ரேகை வைத்தால் போதும். ஆனால் கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் கல்லைத் தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்த விரலை அந்த மெஷின் எப்படிப் படிக்கும்? 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி வந்தபிறகுதான் இவர்களில் பலருக்கு வழி பிறந்தது. தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார் என்பதும் நல்ல ஏற்பாடு. 2025 ஜனவரி முதல் எந்த ஊரில் எந்த வங்கிக் கிளையிலும் இந்த ஓய்வூதியத்தை வாங்கலாம். 68 லட்சம் பேருக்கு இது பயன்படுகிறது. வேலை செய்த காலத்தில் அத்திப்பள்ளியில் கணக்குத் திறந்து, வயதான காலத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொந்த ஊரில் ஒதுங்கியவருக்கு இதன் அருமை தெரியும்.

ஆக, மனம் வைத்தால் நிர்வாகத்தால் முடிகிறது. தொகை விஷயத்தில்தான் மனம் வரவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம்

ஜூஜுவாடியிலிருந்து அத்திப்பள்ளிக்குச் சில நிமிடப் பயணம். ஆனால் அங்கே மனுக் கொடுப்பவருக்கு இங்கே இல்லாத ஓர் உரிமை உண்டு. கர்நாடகம் 2011ல் ‘சகாலா’ என்று அழைக்கப்படும் சேவை உரிமைச் சட்டத்தை இயற்றி 2012 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. சாதிச் சான்றோ வருமானச் சான்றோ குறிப்பிட்ட நாளுக்குள் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை விண்ணப்பதாரருக்கு இழப்பீடு. தொகை சின்னதுதான். ஆனால் பொறுப்பான அதிகாரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது பெரியது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு சட்டத்துக்கு நெடுநாளாகக் கோரிக்கை இருக்கிறது. முகாம்களும் உதவி எண்களும் ஒவ்வோர் ஆட்சியிலும் புதுப்பெயரில் வருகின்றன. 1997லேயே தகவல் பெறும் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் இது. சேவை உரிமையில் பின்தங்கி நிற்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மத்தியிலும் இப்படி ஒரு மசோதா வந்தது. காலக்கெடுவுக்குள் சேவை பெறவும் குறைகளுக்குத் தீர்வு பெறவும் குடிமக்களுக்கு உரிமை தரும் அந்த மசோதாவை, அன்றைய பணியாளர் துறை இணையமைச்சரான புதுச்சேரிக்காரர் நாராயணசாமி 2011 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்தார். நிறைவேறியிருந்தால் பி.எஃப் அலுவலகமும் அதற்குள் வந்திருக்கும். 2014ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. அதற்குப் பிறகு எந்த அரசும் அதை மறுபடி எடுக்கவில்லை.

நிர்வாகத்தைத் திருத்த நாடு அமைத்த இரண்டு பெரிய ஆணையங்களுக்கும் தலைமை வகித்தவர்களில் கர்நாடகத்தின் முன்னாள் முதல்வர்கள் இருந்தார்கள். 1966ல் அமைந்த முதல் ஆணையத்தை மொரார்ஜி தேசாய்க்குப் பின் ஹனுமந்தய்யா நடத்தினார். 2005ல் அமைந்த இரண்டாவதை வீரப்ப மொய்லி. முதல் ஆணையம் 1966ல் கொடுத்த முதல் அறிக்கையே மக்கள் குறைதீர்ப்பைப் பற்றியதுதான். லோக்பால், லோக் ஆயுக்தா வேண்டும் என்று அது சொன்னது. கர்நாடகம் 1984ல் லோக் ஆயுக்தா சட்டம் போட்டது. தமிழ்நாடு போட்டது 2018ல். டெல்லியில் முதல் லோக்பால் பதவியேற்றது 2019ல். ஒரு பரிந்துரை ஆளைத் தேடிப் பிடிக்க ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நிலைத்து நின்ற அதிகாரி

இந்த மண்ணுக்கும் நிர்வாகத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. 1792ல் திப்புவிடமிருந்து பாராமகால் வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனி வசம் வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, உழவர்களோடு நேரடியாகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். அவர்கள் நோக்கம் கம்பெனிக்கு வரி சேர்ப்பது, அதில் ஐயமில்லை. ஆனால் மன்றோ ஏழு வருஷம் இங்கேயே இருந்தார். ஊரும் நிலமும் அவருக்குத் தெரிந்திருந்தன.

இன்று அதிகாரிகளின் பணிக்காலம் அப்படியில்லை. ஒரு கோப்பைப் புரிந்துகொள்வதற்குள் மாறுதல் ஆணை வந்துவிடுகிறது. புதியவர் வந்ததும் மனுதாரர் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். தஞ்சாவூரில் பிறந்து உத்தரப் பிரதேசப் பிரிவில் பணியாற்றி, நாட்டின் அமைச்சரவைச் செயலாளராக உயர்ந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் இதற்காகவே ஓய்வுக்குப் பின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும், மாறுதல்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணிகள் வாரியம் வேண்டும், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்று 2013 அக்டோபர் 31ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்த அளவுக்கு நடைமுறை வரவில்லை.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவர் தகப்பனார் அந்தக் கிராமத்தின் முன்சீப்; அரசாங்கத்தின் கடைசிப் படி. பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை எம்.ஜி.ஆர் 1980ல் ஒழித்த பிறகு, இன்று அந்த இடத்தில் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர். முன்சீப்பின் மகன் படேலுக்குப் பின் நாட்டின் உள்துறை அமைச்சரானார். அரசுப் பணியாளர் விவகாரமெல்லாம் அன்று உள்துறையில்தான் இருந்தது. அகில இந்தியப் பணிகள் சட்டம் வந்தது 1951ல். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் இளம் ஐ.ஏ.எஸ் அதிகாரிகளில் சிலர் இன்று ஓசூர் சார் ஆட்சியராகத் தொழில் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களின் எல்லைக்குள் வாழும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் முதுமைக்கால வருமானத்தைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூட நிர்வாக அமைப்பில் இடமில்லை என்பதுதான் குறை.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த அரசு ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. மத்திய அரசு அதைச் செய்தது 2004 ஜனவரியில், தமிழகம் முந்திக்கொண்டது. 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ் ஆனார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையில்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அவர்கள் ஓயவில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பும் மற்ற சங்கங்களும் தெருவில் நின்றன. 2026 ஜனவரியில், கடைசிச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதி சொல்லும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது.

அரசு ஊழியர் பெற்றதைக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் போராடிப் பெற்றார்கள். அது அவர்கள் உரிமை. ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கூட்டுப் பலம் இல்லை. ஓய்வு பெற்றதும் அவர் சங்கத்திலிருந்தும் வெளியே வந்துவிடுகிறார். ஒருவர் சூளகிரியில், ஒருவர் பர்கூரில், ஒருவர் ஆந்திர எல்லையில் வேப்பனப்பள்ளியில் என்று சிதறிவிடுகிறார்கள்.

இதற்கிடையே அடுத்த தலைமுறை வந்துவிட்டது. கெலமங்கலம் பக்கம் ஐபோன் பாகம் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை, போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை, ஓசூரிலேயே ஏத்தர். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்கள் விடுதிகளில் தங்கி ஷிப்ட் பார்க்கிறார்கள். பலர் மூன்று நான்கு வருஷத்தில் கல்யாணம், சொந்த ஊர் என்று போய்விடுவார்கள். போகும்போது கணக்கை மூடிப் பணத்தை எடுத்தால் அந்த வருஷங்கள் பென்ஷன் கணக்கிலிருந்து அழிந்துபோகும். பணத்தை எடுக்காமல் ‘ஸ்கீம் சர்ட்டிபிகேட்’ வாங்கி வைத்தால், பின்னால் நாட்டில் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் அந்தச் சேவை கூடும். இதை அந்தப் பெண்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

டெல்லி செய்ய வேண்டியது மூன்று. 15,000 வரம்பை இன்றைய சம்பளத்துக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியத்தை விலைவாசியோடு கட்ட வேண்டும். மனுதாரர் ‘தீர்ந்தது’ என்று சொல்லாமல் புகாரை முடித்ததாக எழுதக் கூடாது. முதல் இரண்டுக்குப் பணம் வேண்டும். மூன்றாவதுக்கு ஓர் உத்தரவு போதும். கூரைக்கு உள்ளே இருப்பவர்களுக்கு நடக்கும் பென்ஷன் அதாலத்தைப் போல ஒன்றை ஓசூரிலும் நடத்தலாம். வைப்பு நிதி அலுவலகமும் கம்பெனியும் காண்ட்ராக்டரும் வங்கியும் ஒரே மேஜையில் உட்காரட்டும்.

அதுவரை, வேலையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். உங்கள் யு.ஏ.என் பாஸ்புக்கை இன்றே திறந்து, பழைய கணக்கெல்லாம் சேர்ந்திருக்கிறதா, பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தவறிருந்தால் கம்பெனி திறந்திருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வைப்பு நிதி அமைப்பு மாதந்தோறும் 27ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற குறைகேட்பு முகாம் நடத்துகிறது. கையில் ஆவணங்களோடு போங்கள். சிபிகிராம்ஸில் தீராமல் முடித்த புகாருக்கு மேல்முறையீடு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஐம்பத்தெட்டு வயது வரும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.